இரண்டு தீக்கு நடுவே

ஸ்லோ குக்கரில் ரீஃப்ரைட் பீன்ஸ் செய்யச் சொல்லித் தரும் செய்முறைகள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. பீன்ஸ், தண்ணீர், வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் போட்டு மூடு, எட்டு மணி நேரம் கழித்துத் திறந்து மசி, அவ்வளவுதான் என்கின்றன. அப்படிச் செய்தால் மசித்த பீன்ஸ் கிடைக்கும். சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் மெக்சிகோக்காரர் ஒருவர் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரீதோஸ் என்று கேட்டுத் தட்டில் எதிர்பார்ப்பது அதை இல்லை. அதற்கு இரண்டு தடவை அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கொதி, கடைசியில் ஒரு வதக்கல். நடுவில் இருக்கிற நீண்ட பொழுதுதான் ஸ்லோ குக்கருக்கு உரியது. அந்தப் பொழுதை அதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பாத்திரம் என் சமையலறையில் வேறு இல்லை.

அந்தக் கருவி பிறந்ததே பீன்ஸுக்காக என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்ற பொறியாளர் 1936இல் அதற்குக் காப்புரிமை கேட்டு, 1940இல் பெற்றார். அவருடைய தாய் லித்துவேனியாவின் வில்னாவில் வளர்ந்தவர். அங்கே சிறுவயதில் பார்த்ததை மகனுக்குச் சொல்லியிருந்தார். சப்பாத் நாளில் யூதர்கள் தீ மூட்ட மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸ், கிழங்கு, இறைச்சி எல்லாம் சேர்த்த சோலன்ட் பானையை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு ஓய்ந்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அது இரவு முழுக்க வேகும். நாக்சன் அந்த மிச்சச் சூட்டை மின்சாரத்தில் கொண்டுவந்தார். பானையைச் சுற்றிலும் சூடேறும் கம்பியைப் பொருத்தினார். விற்பனைக்கு வந்தபோது அதன் பெயர் நாக்சன் பீனரி. 1970இல் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் அதை வாங்கி, 1971இல் கிராக்பாட் என்று பெயர் மாற்றிக் கடைகளுக்கு அனுப்பியது. பிறகு அதில் கோழியும் குழம்பும் கேக்கும்கூடச் செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு அது இன்றைக்கும் பீன்ஸ் பானைதான்.

பீன்ஸ் வேகும்போது அதைப் புரட்டக் கூடாது. அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற பாத்திரத்தில் விதைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். தோல் கிழிந்து உள்மாவு தண்ணீரில் கரையும். பத்து விதை கரைந்து காணாமல் போயிருக்கும்போது பக்கத்தில் இரண்டு விதை நடுவில் வேகாமல் நிற்கும். பிரஷர் குக்கர் வேகமானது. மெக்சிகோ வீடுகளிலும் ஓயா எஸ்ப்ரெஸ் என்ற பெயரில் அது அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. அவசரத்துக்கு நானும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் நடுவில் திறந்து ஒன்றை நசுக்கிப் பார்த்து நிறுத்த அதில் வழியில்லை. விசில் கணக்கை நம்பித்தான் இறக்க வேண்டும்.

ஸ்லோ குக்கரில் பீங்கான் பானைக்குப் பக்கவாட்டிலிருந்து சூடு வருகிறது. கண்ணாடி மூடியில் படிகிற ஆவி திரும்பவும் உள்ளேயே சொட்டுகிறது. தண்ணீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நின்று, எப்போதாவது ஓரத்தில் ஒரு குமிழி விடும். விதை இருந்த இடத்திலேயே இருந்து வேகும். மெக்சிகோவில் ஓயா தெ பார்ரோ என்கிற மண்பானை, கனலின் ஓரத்தில் உட்கார்ந்து இதே வேலையைத்தான் செய்துவந்தது. அந்தப் பானையின் வாயில் மூடிக்குப் பதில் ஒரு சிறிய மண்சட்டியைத் தண்ணீரோடு வைப்பார்கள். உள்ளே சாறு குறைந்தால், கீழிருந்து வரும் ஆவியில் சூடேறியிருக்கும் அந்தத் தண்ணீரையே ஊற்றிக்கொள்வார்கள். வேகிற பீன்ஸில் பச்சைத் தண்ணீர் படவே கூடாது என்பது அந்த ஊர்ப் பாட்டிகளின் கட்டளை. ஸ்லோ குக்கரில் மேலே தண்ணீர்ச் சட்டி தேவையில்லை, ஏனென்றால் எதுவும் வெளியே போவதில்லை. கட்டளையை மட்டும் நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன்.

நான் இருப்பது டெக்சஸில், சான் அன்டோனியோவில். 1836 வரை மெக்சிகோவுக்குள் இருந்த ஊர். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒரு கையில் காப்பியும் இன்னொரு கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பீன்ஸ்-சீஸ் டாகோவுமாகப் போவதை இங்கே எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். கோதுமை மாவு டோர்ட்டியாவுக்குள் சூடாகத் தடவிய ரீஃப்ரைட் பீன்ஸ், அதன்மேல் உருகும் சீஸ். வேறொன்றும் இல்லை. பீன்ஸ் நன்றாக இல்லையென்றால் அந்த டாகோவில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இந்தப் பக்கத்துக்கும் மெக்சிகோவின் வடக்குக்கும் உரியது பின்டோ. வெளிர்பழுப்பில் கபிலநிறத் தீற்றல்கள் கொண்ட விதை. வெந்ததும் தீற்றலெல்லாம் மறைந்து ஒரே செம்பழுப்பாகிவிடும். நடு மெக்சிகோவில் ஃப்ளோர் தெ மாயோ என்ற இளஞ்சிவப்பு விதையை விரும்புகிறார்கள். மேற்கே மஞ்சள் மாயோகோபா. அதன் தோல் மெல்லியது, மசித்தால் சீக்கிரம் வழவழப்பாகும். தெற்கிலும் வளைகுடாக் கரையிலும் கறுப்பு பீன்ஸ். எல்லாமே ஒரே இனம்தான். நாம் பொரியலுக்கு நறுக்குகிற பச்சை பீன்ஸும் அதே இனம். அதைப் பிஞ்சில் பறிக்கிறோம், இவற்றைக் கொடியிலேயே முற்றிக் காயவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பின்டோவைத்தான் சொல்வேன். விலை குறைவு, தவறினாலும் மன்னிக்கும் விதை, கொழுப்பை நன்றாக ஏற்றுக்கொள்ளும்.

வகையைவிட முக்கியம், விதை எவ்வளவு பழையது என்பது. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த விதை உள்ளுக்குள் இறுகிவிடும். அதை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் ஒரு மணல் தன்மை போகாது. அதனால் நான் வாங்குவது பீன்ஸ் மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் மெக்சிகன் கடையில்தான். பெரிய கடையின் ஓர அலமாரியில் அழகான பையில் தூசி படிந்து நிற்பதைத் தொடுவதில்லை. வாங்கி வந்ததும் தட்டில் பரப்பிக் கல்லும் சுருங்கியதும் பொறுக்க வேண்டும். வயலிலிருந்து வரும் பொருள். பின்டோவின் நிறத்திலேயே மண்ணாங்கட்டி கலந்திருக்கும்.

அடுத்தது ஊறவைப்பது. மெக்சிகோவில் பல வீடுகளில் ஊறவைப்பதே இல்லை. கழுவி நேரே பானையில் போடுகிறார்கள். அதில் சாறு இன்னும் கறுத்து, மணம் கூடிவரும் என்பது உண்மைதான். நான் ஊறவைக்கிறேன், அதற்குக் காரணம் என் ஊர்த் தண்ணீர். சான் அன்டோனியோவுக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் எட்வர்ட்ஸ் நீர்ப்படுகையிலிருந்து. அது சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடிவரும் தண்ணீர், கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சுண்ணாம்பில் இருக்கிற கால்சியம், விதையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்துகொண்டு அதை இளகவிடாது. சோடியம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிடி தளரும். ஆகவே அரைக் கிலோ பீன்ஸுக்கு இரண்டு லிட்டர் வடிகட்டிய தண்ணீர், அதில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு, இரவு முழுக்க. உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஊறும் தண்ணீரில் போட்ட உப்பு தோலை மென்மையாக்கத்தான் செய்கிறது. ஓரிரு மணி நேரத்தில் தோல் மட்டும் தண்ணீர் குடித்துச் சுருக்கம் சுருக்கமாக எழும்பி நிற்கும். பார்க்கக் கெட்டுப்போனது போல் இருக்கும். காலையில் உள்ளிருக்கும் பருப்பும் பருத்து அந்தச் சுருக்கத்தையெல்லாம் நிரப்பியிருக்கும். சுருங்கிய தோல் ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் மொழுமொழுவென்று ஆனால் ஊறியது போதும். கோடை என்றால் குளிர்பெட்டியில் வைத்து ஊறவிடுங்கள், வெளியே புளித்துவிடும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டி, அலசி, இப்போது முதல் தீ. இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த இனத்துப் பச்சை விதையில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம், பின்டோவிலும் கறுப்பிலும் குறைவு. வேகாத சிவப்பு விதை நான்கைந்து வயிற்றுக்குள் போனால்கூட, சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். அரைகுறையாகச் சூடானால்தான் ஆபத்து. 80 டிகிரி செல்சியஸ் அளவில் மட்டும் சூடேறிய பீன்ஸில் நஞ்சு பச்சை விதையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு வரை கூடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. ஸ்லோ குக்கர், அதுவும் குறைந்த சூட்டில், அந்த வெப்பத்தில் வெகுநேரம் நிற்கக்கூடிய கருவி. ஆக, நான் புகழ்ந்துகொண்டிருக்கும் அதன் நிதானமே இந்த ஒரு இடத்தில் உதவாது. அடுப்பில் புதுத் தண்ணீரில் போட்டு, குமிழ்கள் புரண்டு வரும்படி பத்து நிமிடம் முழுக் கொதி. பின்டோவுக்கு நான் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக விடுவேன். சிவப்பு ராஜ்மாவில் செய்கிறவர்கள் அந்த நிர்வாகம் சொல்லும் அரை மணியையே வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிடலாம்.

கொதித்த பீன்ஸை வடித்துக் குக்கருக்கு மாற்றி, கெட்டிலில் கொதித்த தண்ணீரைப் பீன்ஸுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கிற அளவு ஊற்றுகிறேன். அடுப்பில் வைப்பதற்கு ஊற்றுகிற அளவு வேண்டாம், இங்கே வற்றாது. நறுக்காத அரை வெங்காயம், தோலுரித்த நான்கு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை, ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் இந்தக் கட்டத்தில் கிட்டே வரக் கூடாது. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. பாதி வெந்த நிலையில் சேர்த்தால் பீன்ஸ் அந்த நிலையிலேயே நின்றுவிடும். சீரகமும் மிளகாய்த்தூளும் போடச் சொல்லும் செய்முறைகள் இங்கே ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பீன்ஸுக்கென்று ஒரு வாசம் இருக்கிறது, கொஞ்சம் மண், கொஞ்சம் இனிப்பு. அதைக் கேட்கவிடாமல் சீரகம் சத்தம் போடும்.

அதிகச் சூட்டில் நான்கைந்து மணி, குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி. இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். போய்ச்சேர எடுக்கும் நேரம்தான் வேறு. மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இழந்த சூட்டைத் திரும்பப் பெற இருபது நிமிடமாவது ஆகும். நேரம் நெருங்கியதும் ஒரு கரண்டியில் ஐந்தாறு விதை எடுத்து, ஒவ்வொன்றாக நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். பல் உதவிக்கு வரக் கூடாது. ஒன்றாவது நடுவில் சிறு எதிர்ப்புக் காட்டினால் இன்னும் அரை மணி. எல்லாம் ஒரே மாதிரி அமுங்க வேண்டும். அரைகுறை வேக்காட்டை மத்து சரிசெய்துவிடும் என்று நம்பி இறக்கக் கூடாது. மசித்தால் அது நறநறவென்று நாக்கில் தனியாகத் தெரியும்.

இனி அந்தச் சாறு. நான் ஸ்லோ குக்கரை விடாமல் இருப்பதே அதற்காகத்தான். விதை உடையாமல் வெந்ததால் சாறு கலங்காமல், ஆனால் கனமாக இருக்கும். கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக நிற்கும். அன்றைக்கு அதைப் பீன்ஸோடு அப்படியே கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுவதுதான் ஃப்ரிஹோலெஸ் தெ லா ஓயா. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய், இப்போது எலுமிச்சையும் பிழியலாம், பக்கத்தில் சூடான சோள டோர்ட்டியா. வதக்கப் போகும் பீன்ஸையும் அதே சாற்றோடுதான் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வடித்து வைத்தால் தோல் காய்ந்து விரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பானை பெரிதாக இருந்தால் அகலமான பாத்திரத்தில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். மறுநாள் சாறு இன்னும் தடித்திருக்கும், சுவையும் ஒரு படி ஏறியிருக்கும். வதக்கலுக்கு மறுநாள் பீன்ஸ்தான் சிறந்தது.

வதக்கல் என்ற அந்த இரண்டாம் தீ மெக்சிகோவுக்கு வந்தது ஸ்பானியர்களுக்குப் பிறகு. அதற்கு முன்பே அந்த மண்ணில் பீன்ஸ் ஆயிரக்கணக்கான ஆண்டு விளைந்திருக்கிறது. ஆஸ்டெக் பேரரசுக்கு ஊர்கள் செலுத்திய கப்பத்தைப் படமாக எழுதிவைத்த மெந்தோசா சுவடியில் சோளக் குதிரோடு பீன்ஸ் குதிரும் இருக்கிறது. சோளத்தண்டில் பீன்ஸ் கொடி ஏறும், பீன்ஸ் வேரில் நைட்ரஜன் சேரும், அடியில் பூசணி படர்ந்து களையை மூடும். அந்த வயலுக்கு மில்பா என்று பெயர். ஆனால் அந்தச் சமையலில் வதக்கும் கொழுப்பு கிடையாது. பீன்ஸை வேகவைத்தார்கள், வறுத்து அரைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்கள் பன்றியைக் கொண்டுவந்தன. அதன் உருக்கிய கொழுப்பும் உள்ளூர் பீன்ஸும் சட்டியில் சந்தித்ததில் பிறந்தது இந்தப் பண்டம். ஆகவே கொழுப்பை எடுத்துவிட்டு இதைச் செய்வது என்றால், பாதிப் பெற்றோரை எடுத்துவிடுவதுதான்.

எனக்கு இதைக் கையோடு கைவைத்துக் காட்டிக்கொடுத்தது எதிர்வீட்டு அம்மாள். சகாதேகாஸ் மாநிலத்துக் குடும்பம். மெக்சிகோவில் பீன்ஸ் விளைச்சலில் முன்னிற்கும் மாநிலம் அது. என்னை எப்போதும் மிஹா என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று. கனமான இரும்பு வாணலியில் மூன்று கிண்ணம் பீன்ஸுக்கு நான்கு மேசைக்கரண்டி கொழுப்பு. அது உருகி லேசாக மினுமினுக்கத் தொடங்கியதும் நறுக்கிய வெங்காயம். கண்ணாடிப் பதத்தில் நிறுத்தக் கூடாது, ஓரங்கள் நன்றாகச் சிவக்க வேண்டும். பிறகு சாற்றோடு ஒரே ஒரு கரண்டி பீன்ஸ். சுர்ரென்று பொங்கி அடங்கும். மசிக்க வேண்டும். அது கொழுப்போடு ஒன்றானதும் அடுத்த கரண்டி. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் வாணலி ஆறிப்போய் எல்லாம் கொதிக்கத்தான் செய்யும், வதங்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடும்போதுதான் ஒவ்வொரு கரண்டியும் சூடான இரும்பைத் தொடுகிறது.

எல்லாம் உள்ளே போனதும் பார்த்தால், இவ்வளவு தண்ணீராக இருக்கிறதே என்று தோன்றும். முதல் தடவை நான் அடுப்பை அணைக்கக் கை கொண்டுபோனபோது அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொதவீயா நோ, மிஹா." இன்னும் இல்லை. மரக்கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். பீன்ஸ் உடனே வந்து மூடிக்கொண்டது. கிளறிக்கொண்டே இருந்தோம். மறுபடியும் கோடு, மெதுவாக மூடியது. மறுபடியும் இன்னும் இல்லை. குமிழ்கள் சின்னதாக இருந்தவை பெரிதாகி, வாய் திறந்து ஆவியைத் துப்ப ஆரம்பித்தன. சத்தமும் மாறியது, கொதிக்கும் சத்தம் போய், ஓரங்களில் பொரியும் சத்தம். மூன்றாம் முறை கோடு இழுத்தபோது வாணலியின் கறுத்த அடி தெரிந்தது. பீன்ஸ் இரண்டு பக்கமும் ஒரு கணம் நின்று, பிறகு சாவகாசமாகச் சரிந்தது. ஓரத்தில் மெல்லிய பொருக்கு ஒன்று படிந்து வாணலியை விட்டு எழும்பியிருந்தது. அதைச் சுரண்டி உள்ளே மடித்தார். அந்தப் பொருக்கில்தான் வறுத்த சுவை இருக்கிறது, அதைப் படியவிட்டு மடித்து, திரும்பப் படியவிட்டு மடிக்க வேண்டும். அப்போதுதான் அணைத்தார். தட்டில் ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால், இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கையிலேயே இறக்கிவிட வேண்டும். சட்டியிலேயே கெட்டியாகிவிட்டால் தட்டுக்கு வருவதற்குள் வறண்டு வெடிக்கும்; அப்போது எடுத்துவைத்த சாற்றில் ஒரு கரண்டி ஊற்றினால் திரும்பி வரும்.

மசிக்க மிக்சி வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நன்றாக வெந்த பீன்ஸில் செல்களை ஒட்டியிருந்த பெக்டின் கரைந்து, செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மாவை உள்ளே வைத்துக்கொண்டு முழுசாகப் பிரியும். மத்தால் மசித்தால் பிரிவது அப்படித்தான். நாக்கில் மிருதுவாக இருக்கும். மிக்சியின் பிளேடு செல்லையே கிழித்து மாவை வெளியே விடும், பண்டம் பசையாகும். மெக்சிகோவில் இதற்கென்று மரத்தால் செய்த மசிப்பான் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் மதுரையிலிருந்து வந்த பருப்பு மத்து இருக்கிறது. ஆழமான பாத்திரத்தில் அதுவும் கச்சிதமாக வேலை செய்கிறது, பதமான மரம், வாணலியைக் கீறாது. முழுக்க மசிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு விதை பாதி உடைந்த நிலையில் இருந்தால் வாய்க்கு வேலை இருக்கும். யுகடானில் இதற்கு நேரெதிர். அங்கே கறுப்பு பீன்ஸை அரைத்து வடிகட்டித் தோலே இல்லாமல் வழவழப்பாகச் செய்வார்கள், ஃப்ரிஹோல் கொலாதோ என்று. அது வேறு மரபு, அதற்கு அரைப்பதுதான் சரி.

கொழுப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பெரிய கடைகளில் வெள்ளைக் கட்டியாக விற்கும் பன்றிக் கொழுப்பில் பெரும்பாலும் ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்பும் கலந்திருக்கும். அலமாரியில் மாதக்கணக்கில் கெடாது, வாசமும் இருக்காது. நான் வாங்குவது கார்னிசெரியாவில், அதாவது மெக்சிகன் இறைச்சிக்கடையில். அங்கே சிச்சரோன் என்ற பன்றித்தோல் பொரித்த சட்டியிலிருந்து எடுத்த கொழுப்பை, மந்தேக்கா என்று, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்பார்கள். நிறம் பழுப்பு, திறந்ததும் வறுத்த இறைச்சியின் மணம். இதே பீன்ஸ், இதே உப்பு, கொழுப்பை மட்டும் மாற்றினால் வேறு வீட்டுச் சாப்பாடு மாதிரி ஆகிவிடும். அந்தக் கடை பக்கத்தில் இல்லாதவர்கள் வீட்டிலேயே உருக்கலாம், அதற்கும் ஸ்லோ குக்கர்தான். பன்றியின் முதுகுக் கொழுப்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கால் கிண்ணம் தண்ணீரோடு குறைந்த சூட்டில் ஆறேழு மணி விட்டால் தெளிவாக உருகிவிடும். அது வெள்ளையாக, சாதுவாக இருக்கும். வறுத்த மணம் வேண்டுமென்றால் அதை வாணலிக்கு மாற்றி, துண்டுகள் பொன்னிறமாகும் வரை அடுப்பில் காய்ச்ச வேண்டும். இங்கேயும் மணத்தைக் கொடுப்பது தீதான்.

என் மாமியார் சைவம். அவருக்கென்று தனி வாணலியில் செய்கிறேன். பானையிலும் அன்றைக்குக் கொழுப்புப் போடுவதில்லை. அதைச் செய்துசெய்து பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. கொழுப்பின் இடத்தில் எண்ணெயை வைப்பதோடு நின்றால் பண்டம் ஊமையாகிவிடும். அந்த எண்ணெய்க்கு நாம் ஒரு மணத்தை ஊட்ட வேண்டும். நெய் ஒத்துவரவில்லை; அதன் வாசம் பீன்ஸை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறது. வாசமில்லாத எண்ணெயில், அளவைக் குறைக்காமல், வெங்காயத்தை மிதமான தீயில் நல்ல கபில நிறம் வரும்வரை வதக்கி, இரண்டு காய்ந்த சிலே தெ ஆர்போல் மிளகாயைக் கறுக்காமல் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் பீன்ஸைப் போட்டால் நன்றாக வருகிறது. கறுப்பு பீன்ஸ் என்றால் இன்னும் வசதி. வஹாகாவில் செய்கிற மாதிரி, காய்ந்த வெண்ணெய்ப்பழ இலையை வெறும் வாணலியில் வாட்டி நொறுக்கிச் சேர்க்கலாம். சோம்பின் சாயல் கொண்ட மணம். மெக்சிகன் கடையில் பொட்டலமாக விற்கும் இலையையே வாங்குங்கள்; எல்லா வெண்ணெய்ப்பழ மரத்து இலையும் சாப்பிட உகந்தது இல்லை. மாமியார் கறுப்பு பீன்ஸைத்தான் விரும்பிக் கேட்கிறார். "இன்னொரு கரண்டி வைம்மா" என்று அவர் சொல்கிற பண்டம் வேறு அதிகம் கிடையாது.

கறுப்பு பீன்ஸுக்கு எபசோத்தே கீரையும் உண்டு. காரமான, மண்ணெண்ணெயை நினைவூட்டும் வாசம். பச்சையாக முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடைசி அரை மணியில் ஒரு கொத்தைக் குக்கரில் போட்டு, பிறகு எடுத்துவிடுங்கள். கறுப்பு பீன்ஸின் இனிப்பை அது தூக்கிக் காட்டும். பின்டோவுக்கு நான் போடுவதில்லை. சினலோவாப் பக்கம் சொரீசோ, சீஸ், ஊறுகாய் ஹலபேன்யோ எல்லாம் சேர்த்துச் செய்யும் ஃப்ரிஹோலெஸ் புவெர்கோஸ் விருந்துப் பண்டம். அது தனிக் கட்டுரை கேட்கும்.

வேகவைத்த பீன்ஸ் சாற்றோடு குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் இருக்கும், உறைபெட்டியில் மாதக்கணக்கில். நான் வேகவைப்பது எப்போதுமே ஒரு கிலோ; பாதியைச் சாற்றோடு உறையவைத்துவிடுவேன். வதக்கியதை உறையவைப்பதைவிட, வேகவைத்ததை உறையவைத்து வேண்டும்போது வதக்குவது நல்லது, ஏனென்றால் புதிதாக வதக்கிய மணத்தைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவர முடியாது. வதக்கியது மிஞ்சினால் காலையில் மொயேதெஸ்: பொலீயோ ரொட்டியை இரண்டாகப் பிளந்து, பீன்ஸைத் தடவி, சீஸ் தூவி, அடுப்பில் உருகவிட்டு, மேலே தக்காளி வெங்காய சல்ஸா. இன்னும் குறைவாக மிஞ்சினால் சாறு ஊற்றித் தளர்த்தி, சோள டோர்ட்டியாவை அதில் முக்கி மடித்து, க்ரெமாவும் நொறுக்கிய கெஸோ ஃப்ரெஸ்கோவும் மேலே போட்டால் என்ஃப்ரிஹோலாதாஸ். சாறு மட்டும் மிஞ்சினால் அதையும் கொட்டாதீர்கள்: கொழுப்பில் சிவக்க வறுத்த சேமியாவை அதில் போட்டு வேகவிட்டு, ஒரு துண்டு வெண்ணெய்ப்பழத்தோடு ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.